விண்ணப்பத்தின் கடைசி வரி

உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிய காலந்தொட்டு, அதன் கடைசி வரி மட்டும் பெரிதாக மாறாமலே இருந்து வந்திருக்கிறது. பெயர், பிறந்த திகதி, படித்த பாடசாலை, சித்தியெய்திய பரீட்சைகள், நற்சான்று வழங்கக்கூடிய பெரியோர் இருவர் என்பன யாவும் முடிந்தபின், தாளின் அடியிலே 'பொழுதுபோக்கு' என்றொரு தலைப்பு நிற்கும். அதற்கெதிரே 'வாசித்தல், தோட்டஞ் செய்தல், தபால் முத்திரை சேகரித்தல்' என்று எழுதி ஒப்பமிடுவார்கள். அவ்வாறு எழுதியோரில் எத்தனை பேரிடம் முத்திரைக் கோவை இருந்தது என்று எவரும் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் பலருடைய நிலை சங்கடமாகியிருக்கும்.

இன்று அந்தக் கடைசி வரிக்கு வந்திருக்கும் சோதனை வேறு வகையானது. அன்று இல்லாத பொழுதுபோக்கைத் தயங்காமல் எழுதினார்கள். இன்றோ, பிள்ளைகள் உண்மையாகவே இரவும் பகலும் ஈடுபட்டுத் தேர்ச்சி பெற்ற ஒன்றை எழுதலாமா, கூடாதா என்று வீடுகளில் வாக்குவாதம் நடக்கிறது. இணையத்திலே ஒருவர் பெற்ற தேர்ச்சியைச் சுயவிபரக் கோவையில் குறிப்பிடுவது தகுமா என்பதுதான் விஷயம். சிறிய விஷயம் போலத் தோன்றினும், சில வீடுகளில் அது தந்தைக்கும் மகனுக்குமிடையிலான மனத்தாங்கலாகவே வளர்ந்துவிடுகிறது. அப்படியொன்றை அண்மையில் நாம் நேரிற் கண்டோம்.

அயலவர் ஒருவர், மகனை முன்னே விட்டு, கையில் ஒரு தாளுடன் ஒரு மாலைப்பொழுதில் வந்து சேர்ந்தார். மகனுக்கு வயது 22. காப்புறுதிக் கொம்பனி ஒன்றிலே எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பிக்க இருந்தார். தாளில் மூன்று வரிகள் சிவப்பு மையினால் வெட்டப்பட்டிருந்தன. தமிழ் விக்கிப்பீடியாவில் மூன்று ஆண்டுகளாகக் கட்டுரைகள் எழுதியும் திருத்தியும் வருவது ஒன்று. இணையச் சதுரங்கத்தில் 1900 என்ற தரப்புள்ளி எட்டியது மற்றொன்று. இணைய விளையாட்டு ஒன்றில் நாற்பது பேர் கொண்ட அணிக்குத் தலைவராக இருப்பது மூன்றாவது. வெட்டியவர் தந்தையார்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. கைத்தொலைபேசியிலே விளையாடினதையும் ஒரு தகைமை எண்டு எழுதலாமோ? பாக்கிறவை சிரிக்க மாட்டினமோ?" என்றார் அவர்.

மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அதை எடுத்தால் இந்த மூன்று வருஷமும் நான் சும்மா இருந்த மாதிரித்தான் கிடக்கும், அப்பா," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையிலே நம் நாட்டு மாணவர் பலருடைய கதை அடங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேதான் நடைபெற்றது. பெறுபேறுகள் அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் வெளிவந்தன. அதன்பின் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருத்தல், சிலருக்கு இரண்டாந் தடவை பரீட்சை, மறுபடியும் காத்திருத்தல். பாடசாலையை விட்டாயிற்று, பல்கலைக்கழகமோ வேலையோ கிட்டவில்லை. இந்த இடைவெளியைத் தாளில் எழுதுவதெப்படி? வெற்றிடமாக விட்டால், பார்ப்பவர் அதைச் சோம்பல் என்று வாசிப்பார். அந்தப் பையனோ சோம்பியிருக்கவில்லை. அவர் செய்த வேலைக்குச் சான்றிதழ் இல்லை, அவ்வளவே குறை. ஆகையால் அந்தச் சிவப்புக் கோடுகள் ஒரு வாலிபனுடைய மூன்று ஆண்டுகளின் மேலே விழுந்த கோடுகள் என்றே நமக்குப் பட்டது.

தந்தையார் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. விண்ணப்பம் என்பது நம்மைப்பற்றி நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடமன்று. வாசிப்பவருக்கு எது வேண்டும் என்று அறிந்து அதை முன்வைக்கும் இடம். இதற்கு லியொனார்டோ டா வின்சி எழுதிய கடிதத்தைக் காட்டிலும் நல்ல உதாரணத்தை நாம் அறியோம். ஏறக்குறைய 1482ஆம் ஆண்டளவில், முப்பது வயதை அண்மித்த அந்த ஓவியர், மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் வேலை வேண்டி ஒரு கடிதம் வரைந்தார். எளிதிற் சுமந்து செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையிட்ட அகழிகளின் நீரை வடிக்கும் முறை, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று இலக்கமிட்டு எழுதிக்கொண்டு போகிறார். சமாதான காலத்திலே கட்டடங்கள் எழுப்பவும் நீரைக் கொண்டுசெல்லவும் வல்லேன் என்பது பத்தாவது கூறாக வருகிறது. சிற்பமும் ஓவியமும் தமக்குக் கைவரும் என்பதை அதற்கும் பின்னரே சொல்கிறார். போர்ப் பயத்துடன் இருந்த ஆட்சியாளருக்கு அப்போது வேண்டியது பீரங்கி, படம் அன்று. ஆயினும் அந்தக் கடைசிச் சொற்களை அவர் எழுதாமல் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அதே ஆட்சியாளருக்காகவே 'இறுதி இராப்போசனம்' என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியத்தை அவர் தீட்டினார்.

வரிசை என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை இது காட்டுகிறது. எழுதலாமா என்று கேட்பதற்கு முன்பு, எங்கே எழுதுவது, என்ன பெயரிட்டு எழுதுவது என்று கேட்டல் வேண்டும். நம் அயலவர் மகன் மூன்று வரிகளையும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரே கூடையிற் போட்டிருந்தார். அங்கேதான் பிழை நேர்ந்தது. மூன்றும் ஒரே இனமல்ல.

முதலில் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதே பொருந்தாது. அங்கே ஒரு கட்டுரை எழுதுபவர் ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் தேட வேண்டும். திகதியைச் சரிபார்க்க வேண்டும். தாம் பாடுபட்டு எழுதிய பந்தியை முகமறியாத ஒருவர் வந்து நீக்கிவிட்டால், கோபங் கொள்ளாமல், காரணங் கேட்டு, சான்று காட்டி, மற்றவரை இணங்கச் செய்ய வேண்டும். அல்லது தம் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை யாவும் ஒரு காரியாலயத்தில் அன்றாடம் வேண்டப்படும் குணங்கள். விபத்து நடந்த திகதிக்கும் பத்திரத்திலுள்ள திகதிக்கும் வேறுபாடு இருப்பதைக் காணும் கண் காப்புறுதிக் கொம்பனிக்கு வேண்டாமா? மேலும், இதற்கொரு விசேஷம் உண்டு. யார், எந்நாளில், எந்நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திலும் பதிவாகியிருக்கிறது. எவரும் திறந்து பார்க்கலாம். எத்தனை நற்சான்றுப் பத்திரங்களுக்கு இந்தத் தகுதி உண்டு? நன்கு அறியாத பிள்ளையையும் 'நன்கு அறிவேன்' என்று எழுதிக் கொடுக்கும் பெரியோர் நம்மிடையே இல்லையா?

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் கட்டடக்கலைஞர், ஐக்கிய அரபு இராச்சியத்தில் உத்தியோகம் பார்த்து வந்தவர். 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா உருப்பெறத் தொடங்கியபோது, ஏறக்குறையத் தனியாளாகவே அதற்கு அத்திவாரமிட்டவர் அவர். வேலை முடிந்த நேரங்களில் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்காகப் பெருகின. அந்தப் பணிக்காகக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவருக்கு வழங்கியது. அவ்வாறே 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்தவர்களிலும் பலர் சம்பளம் பெறாத தொண்டர்களே. இவர்களுடைய உழைப்பைத் 'தபால் முத்திரை சேகரித்தல்' என்ற வரிசையில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

சொல் என்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்றையும் சொல்லலாம். 1991 ஓகஸ்ட் மாதம் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தாம் கணினி இயங்குதளம் ஒன்றை ஆக்கி வருவதாகவும் அது வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் பிற கணினி ஆர்வலர்களுக்கு எழுதினார். அதுதான் லினக்ஸ். நம் கைகளிலுள்ள அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் யாவும் அதன் கருவைக் கொண்டே இயங்குகின்றன. கணினித்துறையில் வேலை தேடுவோர் தாம் ஓய்வு நேரத்தில் எழுதிய மென்பொருளைக் குறிப்பிடாமல் விடுவது இன்று பேதைமை என்றே கருதப்படும்.

இனிச் சதுரங்கம். இங்கே நாம் தந்தையாரின் சிவப்பு மைக்குப் பாதி உடன்பட்டோம். சதுரங்கத்தை எழுதலாம், 1900 என்ற எண்ணை எழுதுவதுதான் ஆபத்து. சதுரங்கம் அறியாதவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. அறிந்தவருக்கோ தவறாகச் சொல்லும். இணையத்தளங்களின் தரப்புள்ளி வேறு; சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் போட்டிகளில் ஆடியோருக்கு வழங்கும் தரப்புள்ளி வேறு. லிச்செஸ் என்னும் இலவசத் தளத்தில் புதிதாகச் சேர்பவருக்கே 1500 என்று தொடக்கத்தில் இடப்படுகிறது. பெரும்பாலும் அங்கு பெறும் எண் சம்மேளனத் தரத்திலும் உயர்ந்தே நிற்கும். அதனுள்ளும் மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஓர் எண், பத்து நிமிட ஆட்டத்துக்கு வேறோர் எண். நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அப்பால் இருப்பவர் ஒரு சதுரங்கப் பிரியராக அமைந்து, "எந்தத் தரப்புள்ளி, தம்பி?" என்று கேட்டுவிட்டால், உண்மையைச் சொன்னாலும் பொய் சொல்லி அகப்பட்டவர் போல நிற்க நேரிடும். இது சதுரங்கத்துக்கு மட்டுமல்ல. மொழி பயிலும் செயலிகளில் எத்தனை நாள் தொடர்ந்து பயின்றேன் என்று காட்டும் கணக்குக்கும் பொருந்தும். ஐந்நூறு நாள் பயின்றேன் என்பதற்கும் அந்த மொழியிலே கடிதம் எழுதத் தெரியும் என்பதற்கும் நடுவே கடல் இருக்கிறது.

மூன்றாவது வரியிலேதான் நமக்கும் நெஞ்சறியக் குழப்பம் உண்டாயிற்று. தந்தையார் மிகுந்த வெறுப்புடன் வெட்டியதும் அதையே. ஆனால் அந்தப் பையனைக் கேட்டபோது அவர் சொன்னது வேறு. அணியிலுள்ள நாற்பது பேரும் வெவ்வேறு நாட்டினர். எந்நேரத்தில் கூடுவது, யார் எப்பணியைச் செய்வது, சண்டையிட்ட இருவரை எப்படிச் சமாதானப்படுத்துவது, வராமற் போனவருக்குப் பதிலாக யாரை விடுவது என்பன எல்லாம் தலைவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஆதலால் எவரையும் பயமுறுத்தி வேலை வாங்க முடியாது. இதைக் கேட்டபோது, வாசகசாலைக் காரியதரிசியாகப் பணிபுரிந்த எவரும் பெருமூச்சு விடுவர் என்றே நினைத்தோம்.

இத்தகைய தலைமையை மதித்த உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டீபன் ஜிலெட் என்பவர் 'வேர்ல்ட் ஒவ் வோர்க்ராப்ட்' என்ற இணைய விளையாட்டில் பெரிய அணியொன்றின் தலைவர். யாஹூ நிறுவனத்தில் உயர்ந்த தொழில்நுட்பப் பதவியும் பெற்றவர். அத்தகைய அணித் தலைமை ஒரு முகாமையாளருக்கு வேண்டிய பயிற்சியே என்று 2006ஆம் ஆண்டில் ஜோன் சீலி பிரவுண், டக்ளஸ் தோமஸ் என்னும் அறிஞர் இருவர் 'வயர்ட்' சஞ்சிகையில் அவரை முன்வைத்து எழுதினர். 2008இல் அவர் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் தகவற்றுறைத் தலைவரானார். இந்தக் கதையை இளைஞர் பலர் ஆவலோடு எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அவர் அதற்கு முன்னரே கணினித்துறையில் அனுபவம் வாய்ந்தவர் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மரத்தை விட்டுவிட்டு அதிற் படர்ந்த கொடியை மட்டும் காட்டுவதுபோல.

வேறொரு கவலையும் உண்டு. பொழுதுபோக்கு வரியை வாசிப்பவர் நாம் சொல்லாததையும் அதனுள் வாசிக்கிறார். இதைப்பற்றி லோரன் ரிவேரா, அண்ட்ராஸ் தில்ச்சிக் என்னும் ஆய்வாளர் இருவர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நம்மைத் திடுக்கிடச் செய்தது. அமெரிக்காவின் 14 நகரங்களிலுள்ள 316 சட்டத்தரணிக் காரியாலயங்களுக்குக் கற்பனையான சட்ட மாணவர்களின் சுயவிபரங்களை அவர்கள் அனுப்பினர். கல்வித் தகைமைகள் ஒன்றே. குடும்பப் பெயர், பெற்ற உதவி, பொழுதுபோக்கு முதலிய சிறு குறிப்புகளே வேறுபட்டன. பாய்மரப் படகோட்டம், போலோ, மேனாட்டுச் செவ்வியல் இசை என்று எழுதிய ஆண்களில் நூற்றுக்கு 16 பேர் அளவில் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டனர். ஓட்டப் பந்தயம், தெருப் பந்தாட்டம், நாட்டுப்புற இசை என்று எழுதிய ஆண்களில் நூற்றுக்கு ஒருவரே சொச்சம். அதே உயர்குடிப் பொழுதுபோக்குகளை எழுதிய பெண்களோ நூற்றுக்கு நால்வர் அளவில்தான் அழைக்கப்பட்டனர்.

இது நீதியன்று. ஆனால் உலகம் அந்த வரியை எப்படி வாசிக்கிறது என்பதைக் காட்டுகிறது. நம் நாட்டிலும் ஒரு வரியைக் கொண்டு ஊர், சமயம், பாடசாலை, வீட்டு நிலை யாவற்றையும் ஊகித்துவிடும் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. இணைய விளையாட்டு என்ற சொல்லைக் கண்டவுடன், 'இவன் வேலை நேரத்திலும் அதையே நோண்டிக்கொண்டிருப்பான்' என்று எண்ணும் முகாமையாளர் இருக்கவே செய்வார். அவரைத் திருத்துவது விண்ணப்பகாரரின் வேலையல்ல. முதலில் அவர் முன்னே போய் அமர இடங்கிடைக்க வேண்டும்.

புனைபெயர் விஷயத்தையும் இளைஞர்கள் மறந்துவிடலாகாது. இணையத்திற் செய்தவற்றைக் காட்ட வேண்டுமாயின், அங்கு வழங்கும் பெயரையும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயரைக் கொண்டு, பதினாறு வயதிலே யாரோ ஒருவருடன் நள்ளிரவில் மோதிக்கொண்டு எழுதியதையெல்லாம் தேடி எடுக்கலாம். படலையைத் திறந்துவிட்டு, அடுப்படிப் பக்கம் வராதீர்கள் என்று விருந்தினரைத் தடுக்க இயலுமா? ஆகவே எழுதுமுன் தம் பெயரால் என்னென்ன கிடக்கின்றன என்று தாமே ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

அரசாங்க உத்தியோகத்துக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியதில்லை. வர்த்தமானியில் வெளிவரும் அறிவித்தலுடன் மாதிரிப் படிவமும் வரும். கேட்டதை மட்டும் நிரப்பிப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான்.

அன்று மாலை தாள் திருத்தி எழுதப்பட்டது. விக்கிப்பீடியா கடைசி வரியிலிருந்து எழுந்து 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழே வந்து அமர்ந்தது. 2023 முதல் தொண்டர் பங்களிப்பாளர்; ஊர்கள், குளங்கள், கோயில்கள் பற்றிய கட்டுரைகளை ஆதாரத்துடன் எழுதியும் பிறர் எழுதியவற்றைச் சரிபார்த்தும் வருகிறேன் என்று இரண்டு வரி. கூடவே பார்வையிடுவதற்குரிய பக்கத்தின் முகவரி. சதுரங்கம், எண் இல்லாமல், கடைசி வரியில் நின்றது. அணித் தலைமையை இந்த விண்ணப்பத்தில் விட்டுவிடுவோம், நேர்முகத்தில் பலரை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உண்டா என்று கேட்டால் தாராளமாகச் சொல்லலாம் என்றோம். பையனுக்கு அதிலே திருப்தி இல்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் முழுத் திருப்தி இல்லை. மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தால் வேறு விதமாகவே சொல்லியிருப்போம்.

தந்தையார் இவ்வளவு நேரமும் மௌனமாக இருந்தார். பின்பு, "அப்பிடி என்னதான் எழுதினனி? காட்டு பாப்பம்," என்றார். மகன் தம் கைத்தொலைபேசியை நீட்டினார். அவர்களுடைய ஊர்க் குளத்தைப் பற்றிய கட்டுரை அது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, தந்தையார் மெல்ல மெல்ல வாசித்தார். மூன்றாவது பந்தியில் விரல் நின்றது.

"இது பிழை. மடம் குளத்துக்குக் கிழக்கை இல்லை. மேற்கை. நான் அந்தப் படியிலே குதிச்சு நீந்தப் பழகினனான்."

"நீங்கள் சொன்னால் காணாது, அப்பா. ஆதாரம் வேணும்," என்றார் மகன்.

நாம் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாட் காலை படலை திறக்கும் ஓசை கேட்டு வெளியே வந்தால், தந்தையும் மகனும் ஒருங்கே நின்றார்கள். றங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த பழைய கும்பாபிஷேக மலர் ஒன்று தந்தையார் கையில் இருந்தது. அட்டை செல்லரித்திருந்தது. வேண்டிய பக்கத்தில் ஒரு வேப்பிலையை அடையாளம் வைத்திருந்தார். மடம் மேற்கேதான் இருந்தது.